மீதி ஐந்து தோட்டாக்கள்

ஜனவரி 6, செவ்வாய்

நீதிமன்றத்திலிருந்து எங்கள் தடயவியல் ஆய்வகத்துக்குக் கடிதம். ஒரே ஒரு கேள்வி: மேற்படி தூரம் எந்த முறையில் கணக்கிடப்பட்டது? பதிலுக்கு இருபத்து மூன்றாம் தேதிவரை அவகாசம்.

வழக்கை எனக்காக ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். மலைமேல் கரடிப்பாறை. காப்பியும் மிளகும் விளையும் தோட்டம். உரிமையாளர் சீனியம்மாள், ஐம்பத்து நான்கு வயது, கணவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன ரிவால்வர் உரிமத்தோடு இந்த அம்மாள் பெயருக்கு மாறியிருக்கிறது. நவம்பர் 28 மாலை அது ஒருமுறை வெடித்தது. கணவரின் தம்பி தவமணியின் பின்புறத்திலிருந்து மருத்துவர் இருபத்தொன்பது ஈயச் சன்னங்களை எடுத்தார். சன்னம் என்றால் கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. ஒரு தோட்டாவுக்குள் நூறு அளவில் இருக்கும்.

தவமணி சொல்வது: நான் வாசல் கேட்டருகே, எண்பது அடி தள்ளி, முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். அண்ணி வராந்தாவில் நின்று குறிபார்த்துச் சுட்டார்.

சீனியம்மாள் சொல்வது: மிளகு அறையில் பெருச்சாளியைச் சுட்டேன். மூட்டைக்குப் பின்னால் அவன் குந்தியிருந்தது எனக்குத் தெரியாது.

மிளகு அறை பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. எண்பது அடி என்றால் கொலை முயற்சி. ஏழெட்டு அடி என்றால் கொழுந்தன் மிளகு திருட வந்தவர். மொத்த வழக்கும் தூரம்தான்.

ஆய்வகம் டிசம்பரில் கொடுத்த அறிக்கை சுமார் முப்பது கஜம், அதாவது தொண்ணூறு அடி என்றது. அதைக் காட்டி ஜாமீன் மனு தள்ளுபடியானது. இன்றோடு முப்பத்தெட்டு நாள் அவர் பெண்கள் சிறையில்.

அறிக்கையை எழுதியவர் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம்.

மேசை டிராயரில் எறும்பு. பிஸ்கட்டை இடம் மாற்றினேன்.

ஜனவரி 7, புதன்

மஸ்தான் அண்ணன் பார்சலை எடுத்துவந்தார். பதினெட்டு வருடமாகத் துப்பாக்கிப் பிரிவின் உதவியாளர். எங்கள் பிரிவில் அதிகம் பேசுபவரும் அதிகம் தெரிந்தவரும் அவர்தான்.

ரிவால்வர் என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. குழல் இரண்டே அங்குலம். சுட்டு முடிந்த ஒரு காலித் தோட்டா. சுடாதவை ஐந்து. அவற்றில் இரண்டு வகை. மூன்று பழைய பித்தளைத் தோட்டாக்கள், வாய் பூவிதழ்போல் மடித்து மூடியது. கணவர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவை, இப்போது எங்கும் கிடைப்பதில்லை. மற்ற இரண்டும் புதியவை, சன்னங்கள் நீல பிளாஸ்டிக் குப்பிக்குள் இருக்கின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குப்பியைப் பார்த்தால் மாத்திரை ஞாபகம் வருகிறது.

காலித் தோட்டா பழைய வகை.

சுவரில் அட்டவணை தொங்குகிறது. சன்னம் பரவிய அகலம் எத்தனை அங்குலமோ அத்தனை கஜம் தூரம். கஜத்துக்கு ஓர் அங்குலம். அது வேட்டைத் துப்பாக்கிக்கான கணக்கு. அதன் குழல் நீளமானது, உள்ளே வழவழப்பானது. ரிவால்வர் குழலுக்குள் திருகுப் பள்ளம் ஓடுகிறது. ஒற்றைக் குண்டு நேராகப் போக அது உதவும். சன்னங்களையோ சுழற்றி நாலாபுறமும் வீசிவிடும். கணக்கே வேறு.

இது துறையில் எல்லாருக்கும் தெரியும். முதுகலையில் ஒரு தாள் முழுவதும் இதுதான். அதில் எனக்கு எண்பத்தொன்பது.

மஸ்தான் அண்ணன் பழைய அறிக்கையைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் சற்று நேரம் நின்றார்.

"கையெழுத்து நல்லா இருக்கு மேடம்," என்றார்.

நான் தேநீர் வாங்கப் போனேன்.

ஜனவரி 8, வியாழன்

உதவி இயக்குநர் நீலகண்டன் சாரிடம் சோதனைக்கு அனுமதி கேட்டேன். விதிகளைக் காதலிப்பவர். எதிர்த்தரப்பு மறுசோதனை கேட்டால் கொடுப்பதற்குப் பழைய வகையில் ஒன்றைப் பாதுகாத்தே ஆகவேண்டும் என்றார். அதைத் தனி உறையில் போட்டு அரக்கு வைத்து அவருடைய பீரோவில் பூட்டினார். ஆக எனக்கு நான்கு. பழையது இரண்டு, புதியது இரண்டு.

பிற்பகல் முழுவதும் சார்ட் தாள்களை ஒட்டினோம், எட்டு அடிக்கு எட்டு அடி. பசை தீர்ந்துவிட்டது. மஸ்தான் அண்ணன் கேண்டீனுக்குப் போய் மைதா காய்ச்சிக் கொண்டுவந்தார். கல்யாண போஸ்டர் ஒட்டிய காலத்திலிருந்து இந்தப் பக்குவம் தன் கையைவிட்டுப் போகவில்லையாம்.

கையெல்லாம் மைதா. நல்ல நாள்.

ஜனவரி 9, வெள்ளி

ரிவால்வரை இடுக்கியில் பூட்டிக் கயிறு கட்டி, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இழுத்தோம். தூரம் எண்பது அடி.

புதிய வகை: தாளில் ஒரு துளைகூட இல்லை. மஸ்தான் அண்ணன் தவழ்ந்து தவழ்ந்து தரையிலிருந்து பொறுக்கினார். சன்னங்கள் வழியிலேயே இறங்கிவிட்டன. ஒன்று மேலே போய் ட்யூப்லைட்டை உடைத்திருந்தது.

பழைய வகை: தாளில் நான்கு தடம். மூன்று வெறும் கறை. நான்காவது தாளில் பாதி புதைந்து, முறுக்கில் எள் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது. சார்ட் தாளையே துளைக்க முடியவில்லை. இது எண்பது அடியில் தவமணி கட்டியிருந்த கைலியையும் தாண்டித் தோலுக்குள் இருபத்தொன்பது இடத்தில் எப்படிப் போகும்?

"இந்தத் தூரத்துல இதால செத்துப்போனா அது அதிர்ச்சியிலதான் மேடம்," என்றார் மஸ்தான் அண்ணன்.

அவ்வளவு சிரித்தேன். ட்யூப்லைட்டுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 12, திங்கள்

ஏழு அடி.

புதிய வகை: ஒன்பது அங்குலத்துக்குள் நெருக்கமாக, நடுவும் ஓரமும் நிறைந்து. கல்லில் ஊற்றிய ஊத்தப்பம். குப்பி குழலைத் தாண்டும்வரை சன்னங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ரிவால்வர்தான், ஆனால் குப்பியில்லாத பழைய தோட்டா இப்படி நடந்துகொள்ளாது.

பழைய வகை: கயிற்றை இழுத்தோம். க்ளிக். காத்திருந்து மறுபடி இழுத்தோம். க்ளிக். மருந்து மக்கிப்போயிருக்கிறது. வெடிக்காத தோட்டாவைப் பத்திரமாகத் திறந்து சன்னங்களை எண்ணினேன். தொண்ணூற்றாறு.

எண்ணிக்கை கிடைத்தது. பரவல் கிடைக்கவில்லை. சுடப்பட்ட வகையில் மிச்சம் ஒன்றுதான், அது சாரின் பீரோவில்.

எண்பது அடி இல்லை என்று இப்போதே சொல்லலாம். எத்தனை அடி என்று சொல்ல முடியாது. தவமணியின் வக்கீல் உடனே கேட்டை நாற்பது அடிக்கு நகர்த்துவார்.

ஜனவரி 13, செவ்வாய்

கைலி.

பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சாட்சிப் பொருள். நீலக் கட்டம், மூட்டியது. டிசம்பர் அறிக்கையின்படி துளைகள் எழுபத்து நான்கு. மேலிருந்து கீழ்வரை பரவல் முப்பது அங்குலம். அதனால் முப்பது கஜம்.

மருத்துவர் எடுத்ததோ இருபத்தொன்பது. மீதி நாற்பத்தைந்து எங்கே போயின என்று அறிக்கை எழுதியவர் யோசிக்கவில்லை. படித்தவர்களும் யோசிக்கவில்லை.

மேசையில் விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். துளைகள் இரண்டு கூட்டமாக இருந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் ஒரே சாயல்.

மஸ்தான் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மேடம், மலையில எவன் கைலியக் கணுக்கால்வரைக்கும் தொங்கவிட்டு நடப்பான்? மடிச்சுல்ல கட்டுவான்."

நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

சாட்சிப் பொருளை உடுத்த முடியாது. மஸ்தான் அண்ணன் தன் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து அதே அளவில் ஒரு கைலியைக் கொண்டுவந்தார். எழுபத்து நான்கு இடங்களையும் அளந்து அதில் சாக்பீஸால் குறித்தேன். அவர் பேன்ட்டுக்கு மேலேயே அதைக் கட்டி, மடித்து இடுப்பில் சொருகி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் ஊசியும் கையுமாகப் பின்னால். அந்த நேரம் பார்த்து நிர்வாகப் பிரிவிலிருந்து ஒருவர் விடுப்புப் படிவம் கேட்டு வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மடித்துக் கட்டியதும் கீழ்க் கூட்டம் மேலேறி மேல் கூட்டத்தின்மீது உட்கார்ந்தது. துளைமேல் துளை. இரண்டு அடுக்கில் இருபத்தைந்து. பக்கவாட்டில் சுருக்கு விழுந்த இடத்தில் மூன்று அடுக்கு, அங்கே எட்டு. ஆக முப்பத்து மூன்று சன்னங்கள். இருபத்தொன்பது உள்ளே போயின. நான்கு துணியோடு நின்று விழுந்திருக்கும்.

முப்பது அங்குலம் என்பது பதினான்கு ஆகிவிட்டது.

இன்னொன்று. அந்த முப்பத்து மூன்றும் அரை வட்டமாக நின்றன. நடுவில் வெறுமை.

"ஊத்தப்பம் இல்ல மேடம்," என்றார் மஸ்தான் அண்ணன், கழுத்தைத் திருப்பித் தன் பின்புறத்தைப் பார்க்க முயன்றபடி. "உளுந்த வடை. பாதி வடை."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடுதியில் நானும் சமையல்கார அக்காவும் மட்டும். இரண்டு பேருக்கு ஒரு பானை. அவர் குலவை போட்டார். எனக்கு வராது, கைதட்டினேன்.

அம்மா போனில் ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள். வேலை என்றேன். விடுமுறையில் என்ன வேலை என்றாள்.

ஜனவரி 16, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 11. ஐந்தேகாலுக்கு ரயில். சென்னையில் உலகப்பட விழா. வேலையில் சேர்ந்து ஐந்தாவது வாரம். மதியம் மூன்றரைக்குக் கைலியை உறையிலிருந்து எடுத்தேன், மேசையில் விரித்தேன், ஸ்கேல் வைத்தேன். முப்பது. சுவரைப் பார்த்தேன். கஜத்துக்கு ஓர் அங்குலம். போலீஸ் அறிக்கையில் கேட் எண்பது அடி. கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. ஒத்துப்போனதில் ஒரு சந்தோஷம்கூட. ரிவால்வரைச் சுட்டுப் பார்க்கவில்லை. நாலரைக்கு அறிக்கை சாரின் மேசையில். ரயிலில் ஜன்னல் ஓர இருக்கை.

மறுநாள் பார்த்த படத்தில் ஒரு பெண் கடைசிவரை ஒரு அரசு அலுவலகத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் டிஷ்யூ கொடுத்தார். வெளியே வந்து அந்தப் படத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். இதே நோட்டில்தான். இப்போது அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

நீலகண்டன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைலி, அட்டவணை, ரயில். பீரோவிலுள்ள தோட்டாவையும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பயிற்சிக்காலம் இன்னும் இருபத்திரண்டு மாதம் இருக்கிறது என்று நினைவூட்டினார். பழைய அறிக்கையைத் தொடாமல், அதனோடு சேர்த்து ஒரு 'கூடுதல் விளக்கம்' அனுப்பலாம் என்றார். தூரத்தைத் துல்லியமாகச் சொல்வதில் சில வரம்புகள் உண்டு, இத்யாதி. யாருக்கும் சேதமில்லை.

"உள்ள இருக்கிற அம்மாவுக்கு சார்?" என்றேன்.

பழைய அறிக்கை உயிரோடு இருக்கும்வரை ஜாமீன் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். திரும்பப் பெறுகிறோம் என்று எழுத வேண்டும் என்றேன், தவறு என்னுடையது என்றும். குரல் கீச்சென்று போயிற்று. தைரியமான வாக்கியங்களுக்கு என் தொண்டை ஒத்துழைப்பதில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகலாம் என்று கை காட்டினார்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் என் மேசைமேல் அந்த உறை. அரக்கு உடைக்கப்பட்டு, அருகில் அவர் கையெழுத்து, தேதி, நேரம் 9.05. எல்லாம் முறைப்படி.

வாசலில் நின்றபடி சொன்னார்: "மூணு பக்க அறிக்கை நிறைமதி. படிக்க நாலு நிமிஷம் ஆகும். அரை நிமிஷத்துல கையெழுத்துப் போட்டது நான். அதையும் சேத்து எழுதுங்க."

பழைய வகையில் கடைசி. வெடிக்கவில்லை என்றால் முடிந்தது. மஸ்தான் அண்ணன் கயிற்றை என் கையில் கொடுத்தார். தன் கை ராசியில்லை என்று போன வாரமே முடிவாகிவிட்டதாம். ஏழு அடி. சார் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

வெடித்தது.

தாளில் ஒரு வளையம். நடுவில் வெறுமை, சுற்றிலும் துளைகள், குறுக்கே பதினான்கேகால் அங்குலம். சாக்பீஸ் குறித்த கைலியை மடித்து மேலே வைத்தேன். அரை வட்டம் வளையத்தின் இடப்பாதியில் அப்படியே போய் உட்கார்ந்தது.

மூன்று பேரும் தாளருகே குனிந்தோம். பிறகு சார்தான் கேட்டார், அப்படியானால் வலப்பாதி எங்கே என்று.

சீனியம்மாள் முதல் நாளிலிருந்து சொல்கிறார்: மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தான். தவமணியின் உடம்பில் பாதி மூட்டைக்கு வெளியே இருந்திருக்கிறது. வளையத்தின் மறுபாதி மூட்டைக்குள் இருக்க வேண்டும். வாசல் கேட் கதையை நம்பியதால் போலீஸ் யாருமே மிளகு அறைக்குள் போகவில்லை. அதன் சாவி கைதான அன்று சீனியம்மாளிடம் வாங்கிய பொருட்களோடு சிறை அலுவலகத்தில் இருக்கிறது.

மூட்டையைக் கேட்டுப் பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் போனது. சார் தானே போனும் செய்தார். இன்ஸ்பெக்டரின் குரல் எனக்கே கேட்டது. மகிழ்ச்சியான குரல் இல்லை.

ஜனவரி 21, புதன்

புதிய அறிக்கை. ஒன்பது பக்கம். இரண்டு வகைத் தோட்டா, இரண்டு தூரம், பரவல், ஊடுருவல், புகைப்படங்கள். முதல் பத்தி: 'டிசம்பர் 11 தேதியிட்ட அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது. அதைத் தயாரித்தது நான்.' அதன்கீழ் சாரின் வரி.

அந்தப் பத்தியை ஆறு முறை எழுதினேன். ஐந்து முறையும் அதில் ஓர் உவமை புகுந்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

மூட்டை வந்தது. சாக்கின் ஒரு பக்கத்தில், ஊசி குத்தியதுபோல் நுண்ணிய துளைகள். பார்க்க வேண்டும் என்று பார்த்தால்தான் தெரியும்.

ஐம்பது கிலோ மிளகு. அதற்குள் கடுகளவு ஈயம். வழி சொன்னது மஸ்தான் அண்ணன்தான்: சல்லடை. மிளகு மேலே நிற்கும், சன்னம் கீழே விழும். வீட்டிலிருந்து ரவை சலிக்கும் சல்லடையோடு வந்தார். கண் ரொம்பச் சிறிது. கேண்டீனில் வேறு வாங்கினோம்.

பத்து மணிக்குச் சலிக்க ஆரம்பித்தோம். பத்தேகாலுக்கு முதல் தும்மல். பதினொன்றுக்குள் மாடி முழுவதும் பரவிவிட்டது. கையெழுத்துப் பிரிவிலிருந்து புகார். ரத்தப் பிரிவுக்காரர்கள் முகக்கவசத்தோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நீலகண்டன் சார் கதவைத் திறந்து, விதிமுறை ஒன்றைச் சொல்ல வாயெடுத்து, ஏழு முறை தொடர்ந்து தும்மிவிட்டு மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு சன்னமும் தட்டில் விழும்போது டிக் என்று ஒரு சத்தம். மஸ்தான் அண்ணன் ஒன்று, ரெண்டு என்று ஏலம் விடுகிற குரலில் எண்ணினார். மாலை நான்கு மணிக்கு ஐம்பத்தொன்று.

கைலியில் முப்பத்து மூன்று, மூட்டையில் ஐம்பத்தொன்று. எண்பத்து நான்கு. தொண்ணூற்றாறில் மீதி பன்னிரண்டு.

"சுவத்துல இருக்கும். இல்லன்னா பெருச்சாளிகிட்ட," என்றார் மஸ்தான் அண்ணன். "அதுக்கும் சம்மன் அனுப்பலாம்."

எண்ணிக்கையை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டினேன். கண்ணிலிருந்து இன்னும் நீர் வருகிறது. மிளகு.

ஜனவரி 23, வெள்ளி

நீதிமன்றம். மின்விசிறி காற்றைவிடச் சத்தம் அதிகம் தந்தது.

நீதிபதி அம்மா ஒன்பது பக்கத்தையும் எங்கள் எதிரிலேயே படித்தார். நானும் எண்ணிப் பார்த்தேன், பதினொரு நிமிடம். பிறகு என்னைக் கூண்டுக்கு அழைத்தார். டிசம்பர் அறிக்கையை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே தவறு நடந்தது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார்.

இரவெல்லாம் தயாரித்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"கைலிய மேசையில விரிச்சு அளந்தேங்கம்மா. ஒருத்தர் கட்டியிருந்தது அதுன்னு நெனச்சுப் பாக்கல. துப்பாக்கியச் சுட்டும் பாக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி தலை நிமிர்ந்ததும் நின்றது.

அடுத்து அவர் தவமணியைப் பார்த்தார். மிளகு மூட்டையில் ஐம்பத்தொன்று, உங்கள் மேல் முப்பத்து மூன்று. கேட்டருகே நின்ற உங்களுக்குப் பக்கத்தில் மூட்டையும் நடந்து வந்ததா என்று கேட்டார். தவமணி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோப்பைப் பார்த்தார்.

"பெருச்சாளி இருக்கான்னு பாக்கப் போனேன்," என்றார் தவமணி கடைசியில்.

"கையில் என்ன இருந்தது?"

"சாக்கு."

"பெருச்சாளிக்கா?"

இந்த முறை சிரிப்பை அவர் தடுக்கவில்லை. ஜாமீன். மறுவிசாரணைக்கு உத்தரவு. என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். துறைக்கு வரும். வரட்டும்.

வராந்தாவில் சீனியம்மாளை முதல்முறையாகப் பார்த்தேன். குள்ளமான உருவம், கையில் மஞ்சள் பை. ஐம்பத்தைந்து நாள் முடிந்திருக்கிறது. பக்கத்தில் காவலர் ஒருத்தி. ஓடிப்போய்விடலாமா என்று எனக்கு ஒரு கணம். அவரே அழைத்துவிட்டார்.

"நீதானா தாயி அது?"

"ஆமாங்கம்மா. மன்னிச்சிருங்க."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அளந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"உள்ள எல்லாம் நல்ல சனந்தான்," என்றார். "கொழம்புலதான் ஒரு மெளகு கெடையாது. அத விடு. மூட்டையப் பிரிச்சுச் சலிச்சீகளாமே, திரும்பக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சும்மா."

"யாரு கட்டுனா?"

"நான்தான்."

"அப்ப நான் ஒருக்காப் பாத்துக்கிறேன்."

காவலர் சிரித்தாள். சீனியம்மாள் சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "பறிப்பு பாதியில நிக்குது. ஆளு கெடையாது, பழுத்துக் கொட்டுது. மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்கு? கேசு முடியட்டும். வந்து பறி."

ஜனவரி 27, செவ்வாய்

துறையிலிருந்து குறிப்பாணை. 'எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்.' எனக்கு ஒன்று, சாருக்கு ஒன்று. தன்னுடையதில் தேதி தவறு என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்ஸ்பெக்டர் போன் செய்தார். சீனியம்மாள் மீதான வழக்கு கைவிடப்பட்டது. தவமணி மீது புதிது. ரிவால்வரைத் திரும்ப வாங்க அந்த அம்மாள் மறுத்துவிட்டாராம். பூனை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆறு மணி பஸ். கரடிப்பாறையில் இறங்கியபோது ஒன்பது. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, வாடகை ஜீப்காரர் என்னைப் பார்த்ததுமே "கைலி மேடமா?" என்றார்.

சீனியம்மாள் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு சாக்குப் பையும் ஒற்றை மூங்கில் ஏணியும். அவ்வளவுதான் வரவேற்பு. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி இருபது அடிக்கு ஏறியிருந்தது. மூங்கிலின் கணுக்களில் கால் வைக்க வேண்டும். மூன்றாவது கணுவில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே இரண்டு பெண்கள் பறித்தபடியே என்னைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். 'அளந்து' என்ற சொல் காதில் விழுந்தது. பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏணி ஆடியதும் நிறுத்திக்கொண்டேன்.

மதியம் அவரைக்காய்க் குழம்பும் சோறும். குழம்பு கறுப்பாக இருந்தது, அத்தனை மிளகு. யாரும் சிறையைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச ஆரம்பித்தேன். "சோறு ஆறுது," என்றார் சீனியம்மாள்.

மூன்று மணிக்கு என் பையை வாங்கி முற்றத்துப் பாயில் கொட்டினார். குனிந்து கையால் பரப்பினார். நான்கைந்து சரங்களை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். எல்லாம் ஒரே பச்சை.

"சரத்துல ஒரு மணியாச்சும் செவந்திருக்கணும். அதப் பாத்துத்தான் கைய வைக்கணும். இதுல பாதி பிஞ்சு."

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாவிட்டால் கேட்க வேண்டும் என்றார். வாய் இருக்கிறதல்லவா என்றார். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, நீதிமன்றத்தில் கேட்டுப் பழகிய குரலில் சொன்னார்:

"தள்ளுபடி."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சீனியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. முன்பல் ஒன்று இல்லை அவருக்கு.

கடைசி பஸ் ஐந்தரைக்கு. இரண்டரை மணி நேரம் இருந்தது. சிவந்த மணி எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டச் சொன்னேன். காட்டினார். காலிப் பையை எடுத்துக்கொண்டு ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினேன்.